பத்து புள்ளி மூன்று

அன்புள்ள திருகாணிக்கு,

நலமா என்று கேட்டால் பதில் வராது என்று தெரியும், இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். எனக்குக் கழுத்துப் பிடிப்பு, என் மாமனாருக்கு இருமல், உன் அண்ணி ஒருத்திதான் நலம், அவளும் ஒரு வாரமாக என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. நீ என் நம்பரைத் தடை செய்து இன்றோடு ஏழு நாள். அண்ணிக்கு மட்டும் செய்தி அனுப்புகிறாய், அவள் அதை என்னிடம் வாசித்துக் காட்டுகிறாள், வாசித்துக் காட்டுவாள் என்று தெரிந்தேதான் நீயும் எழுதுகிறாய், நடுவில் அவளுக்கு எதற்கு இந்தத் தபால்கார வேலை. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் கப்பலுக்கு முக்குளிப்பவர்களின் படகு வருகிறது. அதில் ஏறப்போகும் எங்கள் அலுவலக ஆள் இன்று விமானம் பிடிக்கிறார், ஃபில்டர்கள் வைத்த பையில் இதையும் போட்டு அனுப்புகிறேன். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

நீ கடைசியாக அனுப்பிய வரி, எனக்கு அப்பாவா இருந்தது போதும்ணா, இனிமே அண்ணனா மட்டும் இரு, என்பது. எனக்கும் போதும் என்றுதான் இருக்கிறது. உன் பள்ளிக்கூட ஃபாரத்தில் பாதுகாவலர் என்ற கோட்டுக்கு மேல் நான் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டபோது எனக்கு இருபது வயது, உனக்குப் பதினொன்று, அப்பாவும் அம்மாவும் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஹெட்மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெரியவங்க யாரும் வரலையா தம்பி என்று கேட்டார். நான்தான் பெரியவன் என்றேன். அன்றைக்கு ஏறிய வண்டி, எங்கே இறங்குவது என்று யாரும் சொல்லவில்லை. நீயும் அந்தக் கையெழுத்தை என்னைவிட நன்றாகப் போடக் கற்றுக்கொண்டு நாலு வருஷம் மார்க் ஷீட்டில் நீயே போட்டுக்கொண்டாய், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாய், அது வேறு கதை.

நடந்தது என்ன என்று உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். கேப்டன் வாயிலிருந்து வந்ததில் பாதி வசவாக இருந்திருக்கும். ஆகவே வரிசையாக எழுதுகிறேன், எழுதி முடிக்கும்வரை குறுக்கே பேச முடியாதே, அது ஒன்றுதான் கடிதத்தில் இருக்கிற வசதி. சண்டையில் வழி அடைபட்டு நீங்கள் ஜலசந்திக்கு வெளியே நங்கூரம் போட்டு உட்கார்ந்த நாற்பதாவது நாள், அதாவது போன வாரம் திங்கட்கிழமை, கடற்படை அலுவலகத்திலிருந்து எங்கள் கம்பெனி அலுவலகத்துக்கு, உங்கள் கப்பலைப் பார்க்கிற என் மேசைக்கு, தகவல் வந்தது. வியாழக்கிழமை ஒரு கான்வாய் போகிறது, பதினொரு சரக்குக் கப்பல், முன்னால் ஒரு போர்க்கப்பல் பின்னால் ஒன்று, இரண்டு மணிக்குள் ஃபாரம் அனுப்பினால் உங்கள் கப்பலுக்கும் இடம் உண்டு என்று. ஃபாரத்தில் இருபத்தாறு கட்டம். பதினேழாவது கட்டம் தொடர்ந்து தாக்குப்பிடிக்கும் வேகம். கான்வாயின் வேகம் மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல், அதற்குக் கீழே இருந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், சேர்ந்துவிட்டுப் பின்தங்கினால் நிற்க மாட்டார்கள், அதையும் கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நான் பன்னிரண்டு புள்ளி ஐந்து என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்றால் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம். நிற்கிற கப்பலுக்கு வேகம் ஏது, அதனால் போன பயணத்தின் அறிக்கையை எடுத்து அதில் இருக்கும் எண்ணை அப்படியே இறக்குவோம். ஆறு மேசையிலும் இதுதான் பழக்கம், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான். வெந்நீர் மாதிரி இருக்கிற அந்தக் கடலில் நாற்பது நாள் அசையாமல் நின்றால் அடிப்பக்கம் முழுக்கப் பாசியும் சிப்பியும் அப்பிக்கொள்ளும் என்று மூன்று வருஷம் படித்துப் பரீட்சை எழுதியவன் நான். அந்தக் கட்டத்துக்கு வந்தபோது படித்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. மணி ஒன்று ஐம்பது. அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. மூன்று வாரம் முன்னால் நங்கூரத்தை இடம் மாற்றியபோது இரண்டு மணி நேரம் எஞ்சினை ஓட்டினீர்கள் அல்லவா, அன்றைக்கு நீயே எனக்கு எழுதினாய், ஈரப் பாவாடைய கட்டிக்கிட்டு நடக்கற மாதிரி நடக்குதுண்ணா, எஞ்சின் அதே சுத்து சுத்துனாலும் வேகம் பத்து புள்ளி மூணுதான் வருது, எக்ஸாஸ்ட் சூடு மட்டும் ஏறுது என்று. நான் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். சிரிக்கிற முகம் ஒன்றை அனுப்பினேன். இத்தனைக்கும் அதே அலுவலகத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மாமா டிவி முன்னால். ரிட்டயர் ஆன பஸ் டிரைவருக்கு இந்த இரண்டு மாதமாக ஜலசந்திதான் ரூட். சிவப்பு அம்புக்குறி போட்ட வரைபடத்தை அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்து பார்க்கிறார், எங்கேயாவது திரும்ப இடம் இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. என்னைப் பார்த்ததும், மாப்பிள்ளை, நடுவுல ஒரு வண்டி படுத்துட்டா பின்னாடி வர்ற பாதுகாப்பு வண்டி நிப்பானா, ஓரம் கட்டிட்டுப் போயிருவானா என்றார். நிக்க மாட்டான் மாமா, நின்னா பதினோரு கப்பலும் நிக்கணும் என்றேன். நம்ம புள்ள வண்டி கண்டிஷன்ல இருக்கா என்றார். இருக்கு என்றேன். அதெப்படிப்பா இருக்கும், நாப்பது நாளா ஸ்டார்ட் பண்ணாத வண்டி, டெப்போல ஒரு மாசம் நின்ன பஸ்ஸ எடுத்தா மொத மேட்டுலயே பெருமூச்சு விடும், என்று சொல்லிவிட்டு அவர் பேட்டரியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார், பேட்டரிக்கும் கப்பலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார், எனக்குச் செருப்பைக் கழற்றவே தோன்றவில்லை. அங்கேயே நின்று போனை எடுத்து உன் பழைய செய்தியைத் தேடினேன். பத்து புள்ளி மூன்று. ஜலசந்தியைக் கடக்க கான்வாய்க்கு ஒன்பது மணி நேரம். அவர்கள் வெளியே வரும்போது நீங்கள் பதினைந்து கடல் மைல் பின்னால் இருப்பீர்கள், மிச்ச தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம், பக்கத்தில் ஒருவரும் இல்லாமல். அதுவும் எஞ்சின் சூடு தாங்கினால். அந்தத் தண்ணீரில் அந்த வாரம் மட்டும் இரண்டு கப்பலில் ஓட்டை விழுந்திருந்தது. நீ வேலை செய்வது எஞ்சின் அறையில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. இதற்கு மேல் கணக்குப் போட நான் விரும்பவில்லை.

புதன்கிழமை காலையில் உனக்குக் கேட்டு எழுதினேன், இப்போது எத்தனை வரும் என்று. கேப்டனைக் கேட்கவில்லை, அவர் எப்படியும் வரும் என்றுதான் சொல்வார், அங்கே இருக்கிற இருபத்திரண்டு பேருக்கும் அந்தப் பக்கம் போய் இறங்க வேண்டும். உன்னைக் கேட்டேன். பதில் ஒரு நிமிஷத்தில் வந்தது. பன்னிரண்டு வரும்ணா, சீஃப் எஞ்சினியர் தள்ளிடலாம்ங்கறார். அவ்வளவுதான். திருகாணி, நீ உண்மை சொன்னால் புள்ளி வைத்துச் சொல்வாய், பொய் சொன்னால் முழு எண்ணாகச் சொல்வாய், சின்ன வயதிலிருந்து அப்படித்தான். கணக்கில் தொண்ணூறு என்று சொன்ன வருஷம் வந்தது அறுபத்தொன்றரை. அஞ்சு மணிக்கே வந்துட்டேன் என்றால் ஏழு. அஞ்சே முக்காலுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி வந்தேன் என்றால் சத்தியமாக அப்போதுதான் வந்திருப்பாய். ரேடியோவைத் திருகிக் கழற்றியபோது எத்தனை திருகாணி என்று கேட்டதற்குப் பதினாறரை என்று அழுதுகொண்டே சொன்னாய், ஒன்று பாதியில் உடைந்திருந்தது. அந்தப் பன்னிரண்டைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கோபம் வரவில்லை. ஒன்பது மாதம் என்று சொல்லி ஏற்றி, பத்தரை மாதமாக இறக்காமல் வைத்திருக்கிறார்கள், உனக்கு மாற்றாக வரவேண்டியவர் அந்தப் பக்கத்துத் துறைமுகத்தில் ஹோட்டலில் காத்திருக்கிறார், அடுத்த மாதம் பத்தாம் தேதி உனக்குப் பரீட்சை. நான் உன் இடத்தில் இருந்தால் பதின்மூன்று என்று சொல்லியிருப்பேன்.

பத்தே முக்காலுக்குக் கடற்படை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஒரு மூக்கடைப்புக் குரல் எடுத்தது. பதினேழாவது கட்டத்தைத் திருத்த வேண்டும், பத்து புள்ளி மூன்று என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அப்புறம், வேகத்தைக் கம்மி பண்ணிச் சொல்றதுக்கு இதுவரைக்கும் யாரும் கூப்பிட்டதில்ல சார், அதுக்கு எந்த ஃபாரம்னு பாக்கணும், லைன்ல இருங்க என்றார். இருந்தேன். தேடிப் பார்த்துவிட்டு அப்படி ஒரு ஃபாரமே இல்லை என்றார், கடிதம் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். பதினொன்று இருபதுக்கு உங்கள் கப்பலின் பேரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். அடுத்து உங்களுக்கு இடம் கேட்கலாம் என்று சொன்ன கான்வாய் பத்தொன்பது நாள் கழித்து.

எங்கள் மேனேஜரை உனக்குத் தெரியும், எதை எழுதினாலும் மேலே அவசரம் என்று எழுதுவாரே, லீவு லெட்டரில்கூட, அவரேதான். கூப்பிட்டு உட்கார வைத்து, நீயே தப்பு பண்ணுன, நீயே கண்டுபிடிச்ச, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா, பத்தும் பன்னிரண்டும் ஒரு பெரிய வித்தியாசமாப்பா, அது உன் தங்கச்சி கப்பல்னு எனக்குத் தெரியாதா, என்றார். தங்கச்சி கப்பல்னுதான் சார் தேடிப் பாத்தேன், இல்லேன்னா பாத்திருக்கவே மாட்டேன், அதுதான் எனக்கு அசிங்கமா இருக்கு என்றேன். அவருக்கு அது புரியவில்லை, புரிய வைக்கிற பொறுமையும் எனக்கு இல்லை. விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார், மேலே அவசரம் என்று எழுதிக் கொடுத்தேன். கேப்டன் போன் செய்து பதினோரு நிமிஷம் திட்டினார், நான் வைக்கவில்லை, அவருக்கும் யாரையாவது திட்ட வேண்டும். வீட்டில் உன் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரத்தப் பரிசோதனை லேபில் நாள் பூரா நின்றுவிட்டு வந்தவள், காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு கேட்டாள். ஏங்க, போன மாசம் எடுத்த ரத்தத்த வச்சு இந்த மாசம் ரிப்போர்ட் எழுதுனா எங்க லேப்ல வேலைய விட்டுத் தூக்கிருவாங்க, நீங்க ஆறு பேரும் இத்தன வருஷமா இதத்தான் பண்ணிட்டிருக்கீங்களா என்றாள். ஆமாம் என்றேன். எழுந்து கால் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள். அப்புறம், புள்ளைய எப்படித் தனியா அதுக்குள்ள அனுப்பப் பாத்தீங்க என்று ஒரே ஒரு கேள்வி. அதிலிருந்துதான் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. ஆக, இங்கே ஒருத்தி உன்னை அனுப்பப் பார்த்தேன் என்று பேசவில்லை, அங்கே ஒருத்தி அனுப்பவில்லை என்று பேசவில்லை. நடுவில் எனக்குக் கழுத்துப் பிடிப்பு.

வியாழக்கிழமை கான்வாய் போனது. உங்கள் பக்கத்திலேயே நாற்பது நாள் நின்றிருந்த கப்பல்கள் ஒவ்வொன்றாக நங்கூரத்தைத் தூக்கிப் போனதை மேல்தளத்தில் நின்று பார்த்தாய் என்று அண்ணிக்கு எழுதியிருந்தாய். எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. உங்கள் இடத்தில் வேறொரு கப்பல் போனது, எங்களுடையதுதான், அடுத்த மேசைக்காரர் பார்ப்பது, அதன் ஃபாரத்திலும் போன பயணத்து எண்தான். அவரிடம் சொன்னேன், கேட்கவில்லை. அதன் வேகம் பத்தரைக்கு மேல் ஏறவில்லை. கடைசி எழுபத்தேழு நிமிஷம் தனியாக வந்தது. ஒன்றும் ஆகவில்லை. நீ இதைத்தான் எடுத்துப் பிடிப்பாய் என்று தெரியும், பாத்தியா ஒண்ணும் ஆகலையே என்று. ஆகவில்லைதான். நான் செய்தது சரி என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை, இருக்கக் கூடாது என்றுதான் அந்த எழுபத்தேழு நிமிஷமும் அடுத்த மேசையின் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கப்பல் வெளியே வந்ததும் அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

கப்பலில் உன் நிலைமை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கப்பல் பேரை அடிக்க வைத்தது யாருடைய அண்ணன் என்று எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டு மேசையில் உன் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது, சமையல்காரர் உன் தட்டில் மட்டும் கரண்டியை ஓங்கித் தட்டிப் போடுகிறார் என்று எழுதியிருந்தாய். அவர்களிடம் எனக்காகப் பரிந்து பேசாதே. எங்கண்ணன் ஒரு முசுடு, எனக்கும் அவனுக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்று சொல்லிவிடு, இப்போதைக்கு அது பொய்யும் இல்லை. பரீட்சை அலுவலகத்துக்கு இரண்டு தடவை எழுதினேன், நேரிலும் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா நல்ல மாதிரிதான், ஆனால் தேதி தேதிதான் சார் என்று சொல்லிவிட்டார். அடுத்தது ஆறு மாதம் கழித்து. உன் ஹால் டிக்கெட் உன் மேசைமேல் இருக்கிறது, எடுத்து உள்ளே வைக்க மனம் வரவில்லை. அந்த ஆறு மாதம் போனது என்னால்தான். இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், கப்பலை நிறுத்தியதற்குக் கேட்கவில்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

இனி வேலை விஷயம். முக்குளிப்பவர்களை அனுப்புகிற ஏழு கம்பெனியைக் கேட்டு, ஆறு பேர் அந்தத் தண்ணீரில் ஆளை இறக்க மாட்டோம் என்று சொல்லி, ஏழாவது ஆள் ஒப்புக்கொண்டிருக்கிறார். வெள்ளியும் சனியும் அடியைத் தேய்ப்பார்கள், புரொப்பெல்லரையும் மெருகு போடச் சொல்லியிருக்கிறேன், அது எழுதிய பட்டியலில் விட்டுப்போயிருந்தால் நீ வாயைத் திறந்து கேள். அடியில் மனுஷர் இருக்கும்போது எஞ்சினைக் கிளப்புகிற காற்றின் வால்வை மூடி, பூட்டுப் போட்டு, சாவியை உன் பாக்கெட்டில் வைத்துக்கொள், பலகையில் மாட்டாதே, யாராவது நல்லெண்ணத்தில் எடுத்துத் தொலைப்பார்கள். அவர்கள் தேய்க்கிற பக்கத்துக் கடல்நீர்க் குழாயையும் அடைத்து வை. எல்லோரும் மேலே வந்தாயிற்று என்று யாரோ சொல்வதைக் கேட்டுத் திறக்காதே, தலையை எண்ணிவிட்டுத் திற. அப்புறம் எஞ்சின் அறையிலிருந்து மேலே வருகிற வழியைக் கண்ணை மூடிக்கொண்டு ஏறிப் பழகு, படிகளை எண்ணி வைத்துக்கொள், எத்தனை என்று எனக்கும் எழுது. தண்ணீர் குடி. அண்ணி அனுப்பியிருக்கிற மருந்து அக்கிக்கு இல்லை, வேர்க்குருவுக்கு, போன தடவை மாதிரி மாற்றிப் பூசாதே. மாமா உன்னிடம் சொல்லச் சொன்னது, பேட்டரியைப் பார்த்துக்கச் சொல்லு. சொல்லிவிட்டேன்.

உன் அறை ஜன்னல் கொக்கியைச் சரிசெய்துவிட்டேன், இனிமேல் காற்றுக்கு அடித்துக்கொள்ளாது. உடம்பைப் பார்த்துக்கொள். நல்லபடியாக இரு, நல்லபடியாக வந்து சேர், இதற்கு மேல் ஆசி சொல்ல எனக்கு வராது. மறந்துவிடாதே என்று ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் எஞ்சினை ஓட்டிப் பார்க்கக் கேப்டன் ஒத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த கான்வாயின் ஃபாரம் என் மேசையில் இருக்கிறது. இருபத்தைந்து கட்டமும் நிரப்பிவிட்டேன், பதினேழாவது மட்டும் காலி. மேனேஜர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார், கேப்டனிடம் கேட்டுப் போடுப்பா என்றார், பழைய அறிக்கை கையில்தானே இருக்கிறது என்றார். அதில் நீ அனுப்புகிற எண்ணைத்தான் போடுவேன். நீ என்ன அனுப்பினாலும் அதை அப்படியே போடுவேன், மறுபடி கேட்க மாட்டேன், கூட்டிக் குறைக்க மாட்டேன், நீ அனுப்பியது முழு எண்ணாக இருந்தாலும் எழுதி அனுப்பிவிடுவேன். அப்பாவாக இருந்தது போதும் என்றாயே, இதுதான் அதற்கு என் பதில். ஞாயிற்றுக்கிழமை பகல் பூரா போனைக் கையில் வைத்திருப்பேன். தடையை எடுத்துவிட்டு அந்த எண்ணை மட்டும் அனுப்பு, வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம்.

போனில் புள்ளி வைக்கத் தெரியாத மாதிரி நடிக்காதே.

உன் அண்ணன்
(கையெழுத்து நான் போட்டதுதான்)